பொங்கல் பானை எந்த ஊர் மண்?

சிலாங்கூர் மாநிலத்தின் சபாக் பட்டணத்திலிருந்து ஒரு குடும்பம் பொங்கல் சாமான் வாங்கக் கிளம்பினால் இரண்டு பக்கம் போகலாம். வடக்கே பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் பேராக், அப்படியே தெலுக் இந்தான். தெற்கே ஐந்தாம் எண் கூட்டரசு சாலையைப் பிடித்தால் சுங்கை பெசார், சிகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் என்று இறங்கிக் கிள்ளான். ஜாலான் தெங்கு கிளானாவில் சேலை முதல் கரும்பு வரை ஒரே நடையில் முடிந்துவிடும் என்பதால் பலருக்குக் கிள்ளான்தான் வசதி. ஜனவரி இரண்டாம் வாரத்தில் அந்தக் கடைகளின் வாசலில் மண்பானைகள் அடுக்கடுக்காக நிற்கும். வாங்குகிறவர் விலை கேட்பார், அளவு கேட்பார், தூக்கிப் பிடித்து விரிசல் பார்ப்பார். எங்கே செய்தது என்று கேட்பவர் அபூர்வம்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏனென்றால் பானை செய்கிற ஊர் ஒன்றை அவர் வழியிலேயே தாண்டி வந்திருக்கிறார்.

கோலசிலாங்கூரில், கம்போங் குவாந்தான் பக்கம், தமிழ்க் குயவர்கள் மண்பாண்டம் செய்து சூளை வைத்து வருகிறார்கள். கம்போங் குவாந்தான் என்றதும் நாட்டு மக்களுக்கு மின்மினிப் பூச்சிதான் நினைவுக்கு வரும். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் சேர்ந்து மினுங்குவதை இருட்டில் படகேறிப் பார்த்துவிட்டு, பாசிர் பெனாம்பாங்கில் மீனும் நண்டும் சாப்பிட்டுவிட்டு, வந்தவர்கள் ராத்திரியே கோலாலம்பூர் திரும்பிவிடுகிறார்கள். பகலில் மெலாவத்தி குன்றில் ஏறி 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிறார்கள், குரங்குகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு பேர் வந்து போகும் வட்டாரத்தில் கையால் செய்த ஒரு பொருளை வாங்கிப் போக வழியிருந்தும், அந்த வழி பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை.

அந்தக் கைவேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். களிமண் வந்து இறங்கியதும் சக்கரத்தில் ஏறிவிடாது. காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, மணல் சேர்த்துப் பிசைந்து பதப்படுத்த வேண்டும். சின்னக் கல் ஒன்று தங்கிவிட்டாலும் சூளையில் அந்த இடத்தில் பானை தெறித்துவிடும். சக்கரத்தை இன்று மோட்டார் சுற்றலாம். ஆனால் அதற்குப் பிறகு வரும் வேலை பழைய வேலையேதான். தமிழர் முறையில் வனையும் உருண்டைப் பானை சக்கரத்தை விட்டு இறங்கும்போது அதற்கு அடியே இருக்காது. வாயும் கழுத்தும் முடிந்திருக்கும். கீழே தடித்த சுவர் திறந்தபடி நிற்கும். நூலால் அறுத்தெடுத்து, சற்று இறுகவிட்டு, உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டுவார்கள். தட்டத் தட்ட அந்தத் தடித்த மண் மெலிந்து இழுபட்டு, வட்டம் சுருங்கி, கடைசியில் அடி மூடிக்கொள்ளும். ஒரு தட்டு ஓங்கிப் போனால் ஓட்டை. தயங்கித் தட்டினால் அடி ஒரு பக்கம் தடித்துப் போய் அடுப்பில் வைத்த அன்றே விரிசல். பொங்கல் பானையின் அந்த வயிற்றுக்குள் இவ்வளவு தட்டும் இருக்கிறது. பிறகு நிழலில் உலர்த்தல், அதன் பிறகு சூளை.

இந்த வேலைக்கு வாங்குகிறவர் தருகிற விலை ஒரு பிளாஸ்டிக் வாளியின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசப்படுகிறது. அது நியாயமில்லை.

மண்ணும் விறகும் முன்போல எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோலசிலாங்கூர் செம்பனையின் தாய்மண். இந்த நாட்டில் வணிகப் பயிராகச் செம்பனையை முதன்முதலில் நட்டது 1917-இல், பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே, பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ரப்பர் நின்றது. பழைய ரப்பரை மறுநடவுக்குச் சாய்க்கும்போதெல்லாம் வட்டாரத்துக்கே விறகு கிடைத்தது. செம்பனை அந்த உதவியைச் செய்யவில்லை. அதன் தண்டு ஈரம் கோத்த நார். சூளையில் புகையுமே தவிர எரியாது. மிச்சமிருக்கும் ரப்பர் மரத்துக்கோ நல்ல கிராக்கி, மூவார் பக்கம் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. மண் எடுக்க நில அலுவலக அனுமதி வேண்டும். பெரிய குத்தகைக்காரருக்கு அது ஒரு நாள் காகித வேலை. ஒரு குயவர் குடும்பத்துக்கு அதுவே மலை. தமிழ்நாட்டில் 2024-இல் ஏரி, குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். சிலாங்கூரிலும் கைவினைக்கென்று சிறிய அளவுக்கு அப்படியொரு சலுகை தரலாம். மாநில அரசுக்கு அதனால் நட்டம் பெரிதாக எதுவும் வராது.

சரி, நகரத்தில் உள்ளவர் கையால் செய்த உள்ளூர்ப் பொருள் வாங்க எங்கே போகிறார்? கோலாலம்பூரில் முதலில் வாயில் வருவது பாசார் செனி. 1888-இல் காய்கறி, மீன் விற்கும் சந்தையாகத் தொடங்கியது. இன்றைய கட்டடம் 1937-இல் எழுந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது மரபுடைமை ஆர்வலர்கள் குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1986 முதல் அது கலை, கைவினைச் சந்தை. நல்ல இடம், எல்.ஆர்.டி. வாசலிலேயே நிற்கிறது. உள்ளே மலாய், சீனர், இந்தியர் என்று தனித்தனிச் சந்துகளும் உண்டு. ஆனால் இந்தியச் சந்தில் கண்ணைப் பறிப்பவை சால்வையும் பித்தளையும் ஊதுவத்தியும். அவற்றில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வந்தவை. மலேசிய இந்தியர் கைப்பட்ட பொருள் என்று தேடினால் வாங்குகிறவர் தடுமாறிப் போவார்.

ஜாலான் கொன்லேயில் உள்ள கிராஃப் வளாகம் இன்னொன்று. 1979-இல் அமைந்த கிராஃப்தாங்கான் மலேசியா, அதாவது தேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகம், அதை நடத்துகிறது. பத்திக், சொங்கேட், பிரம்பு, மரச்செதுக்கல் என்று நிதானமாகப் பார்த்து வாங்கலாம், தரமும் நம்பகமானது. செத்தாப்பாக்கில் ரோயல் சிலாங்கூர் ஈயப் பாத்திரக் கூடம் இருக்கிறது. 1885-இல் சீனாவிலிருந்து வந்து இறங்கிய யோங் கூன் என்ற தட்டான் தொடங்கிய தொழில் அது. அவர் ஊதுவத்தித் தாங்கியும் மெழுகுவத்தித் தண்டும் செய்து சீனர் வீடுகளின் சாமி மேடைகளுக்கு விற்றார். சாமி சாமான் செய்த ஒரு சிறு பட்டறை உலகம் அறிந்த பெயராக வளர்ந்தது இதே சிலாங்கூர் மண்ணில்தான்.

மண்பாண்டத்திலேயே ஒரு முன்மாதிரி பக்கத்து மாநிலத்தில் உண்டு. பேராக், கோல கங்சாரின் லாபு சாயோங். சுரைக்காய் வடிவக் கூஜா. சுட்ட கையோடு நெல் உமியில் புதைப்பதால் கறுத்துப் பளபளக்கும். தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். எங்வோரில் கிராஃப்தாங்கான் மையம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, கண்காட்சிகளில் இடம் இருக்கிறது. சாயோங் மக்களின் உழைப்புக்கு அது தகும், அதில் யாருக்கும் மனக்குறை இருக்க வேண்டியதில்லை. கோலசிலாங்கூர்ப் பானைக்கும் அதே மரியாதை வேண்டும் என்று தமிழர்கள் வாய்திறந்து கேட்க வேண்டும் என்பதுதான் சொல்ல வந்தது. தேசியக் கைவினை என்ற பேச்சு வரும்போது நம் பக்கத்திலிருந்து பரதமும் உறுமி மேளமும் போகின்றன. களிமண்ணோடு ஒருவரும் போவதில்லை.

தென் சிலாங்கூரின் கேரித்தீவையும் பார்க்க வேண்டும். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவே கம்போங் சுங்கை பும்புனில் மாமெரி பூர்வகுடிகள். நீரே பத்து மரத்தில் மூதாதையர் முகங்களையும் உருவங்களையும் செதுக்குகிறார்கள். பெண்கள் தாழை ஓலை பின்னுகிறார்கள். அவர்களின் செதுக்கலுக்கு யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரை கிடைத்திருக்கிறது. கோலாலம்பூரில் பூர்வகுடிக் கைவினைகளை விற்கும் கெராய் ஓ.ஏ. என்ற தன்னார்வலர் கடை செய்த காரியம் இன்னும் முக்கியம். விற்ற பணம் முழுவதும் செய்தவருக்கே போகிறது. செய்தவர் யார், எந்தக் கம்பம் என்ற விவரம் பொருளோடு சேர்ந்து வாங்குபவர் கைக்கு வருகிறது. பெயர் தெரிந்த பொருளிடம் யாரும் அடிமாட்டு விலை கேட்பதில்லை.

பானைக்கும் அதைச் செய்யலாம். அடியில் ஒரு முத்திரை, ஊர்ப் பெயர், குடும்பப் பெயர். பச்சை மண்ணில் அழுத்த ஒரு நொடி போதும். ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கடைக்காரர்கள் உள்ளூர்ப் பானையைத் தனியாக அடுக்கி, “கோலசிலாங்கூர்” என்று ஓர் அட்டையை மாட்டலாம். உற்பத்தியான இடத்தைத் திரித்துச் சொல்வது 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். உண்மையைச் சொல்லி விற்க எந்தச் சட்டமும் தடையில்லை. மலேசியப் பொருளை வாங்குங்கள் என்று அரசாங்கம் ஆண்டுதோறும் பிரசாரம் செய்கிறது. அந்தச் சுவரொட்டியில் ஒரு பொங்கல் பானை இடம்பெறக் கூடாதா?

இந்தியாவிலிருந்து வரும் பானையின் மேல் கோபம் எதுவும் இல்லை. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கேயும் பலர் மகிழ்ந்தார்கள். அந்த ஊர்க் கடத்தை வாசிக்காத கச்சேரி மேடை உண்டா? ஆனால் அச்சில் அழுத்தி, சாயம் பூசி, பளபளவென்று பொட்டலத்தில் வரும் அகல் விளக்கு வேறு வகை. அது எந்தக் குயவரின் கையும் அறியாதது. அதை வாங்கினால் பணம் மானாமதுரைக்கும் போகாது, கோலசிலாங்கூருக்கும் வராது.

சுற்றுலாப் பயணிகள் வாங்கினால் தொழில் நிமிர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. பானை கனமானது, உடையக்கூடியது. பெட்டியில் வைத்து விமானம் ஏற்ற முடியாது. மண்பாண்டத்தை வாழவைக்கக்கூடிய பெரிய வாடிக்கையாளர் நம் ஊரிலேயே இருக்கிறார். அவர் கோவில்.

ஒரு கோவிலுக்கு ஆண்டு முழுக்க எவ்வளவு மண் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கார்த்திகைக்கு அகல். மாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி, முளைப்பாரிச் சட்டி. சாம்பிராணிக்குத் தூபக்கால். தைக்குப் பொங்கல் பானை. கோவிலுக்கு வெளியே, இழவு வீட்டில் உடைக்கும் கொள்ளிக்குடம், அஸ்தி கரைக்கக் கலயம். தோட்டத்துக்கு ஒரு கோவில் கட்டிய சமூகம் இது; தோட்டங்கள் மூடப்பட்டு மக்கள் தாமான்களுக்கு வந்த பின்னும் கோவிலைக் கூடவே கொண்டுவந்தார்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் 2013-இல் எழுந்தபோது, அதன் கருங்கல் சிற்பங்களுக்குத் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் உளி தேவைப்பட்டது. அந்த வேலைக்கு இங்கே ஆளில்லை, அழைத்ததுதான் முறை. அகல் விளக்குக்கு ஆளில்லை என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.

மொத்தமாக வாங்குகிறவர் ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்தவும் முடியும், கைவிடவும் முடியும். 2004-இல் லாலு பிரசாத் இந்திய இரயில்வே அமைச்சரானபோது இரயிலில் தேநீரை மண்குவளையில் கொடுக்க வைத்தார். குயவர்கள் நம்பிக்கையோடு சக்கரத்தில் உட்கார்ந்தார்கள். நாளடைவில் காகிதக் குவளை மறுபடி வந்துவிட்டது. நின்று நிலைக்கும் ஆர்டராக இல்லாவிட்டால் நல்லெண்ணம் மட்டும் சோறு போடாது. கோவில் நிர்வாகங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. திருவிழாத் தேதி பஞ்சாங்கத்தில் முன்பே இருக்கிறது. எத்தனை தீச்சட்டி என்று போன ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. ஓராண்டுத் தேவையை ஒரே தாளில் எழுதி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால், அந்தக் குடும்பம் கடன்காரரிடம் போகாமல் விறகு வாங்கிவிடும்.

அடுத்தது பள்ளி. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பொங்கல் விழா கொண்டாடாத பள்ளி அரிது. பள்ளிக்கு ஐந்து பானை என்றாலே 2,500 பானை. நாடு முழுவதுக்கும் கோலசிலாங்கூர் ஒன்றே செய்து கொடுக்க வேண்டும் என்பதில்லை, ஏற்றிப் போனால் உடையும் பொருள் இது. சிலாங்கூர்ப் பள்ளிகளாவது தங்கள் மாநிலத்து மண்ணைக் கேட்கட்டும். பிள்ளைகளைச் சூளைக்கு ஒரு நாள் கூட்டிப் போனால், தட்டுப்பலகை எழுப்பும் சத்தத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

உணவகங்களும் உண்டு. மண்சட்டிப் பிரியாணி, மண்சட்டி மீன்குழம்பு என்று பலகை மாட்டாத இந்திய உணவகம் இப்போது குறைவு. சட்டி உடைந்துகொண்டேதான் இருக்கும். மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பொங்கலுக்கு ஒரு மாதம், தீபாவளிக்கு ஒரு மாதம் என்று ஓடும் தொழிலுக்கு இதைவிட நல்ல இடைக்கால வருமானம் வேறில்லை.

இனி சபாக்குக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சபாக் பெர்ணம் தென்னை விளையும் மண். ஈர்க்கு சீவித் துடைப்பம் கட்டுவது தோட்டத்துப் பெண்களுக்குப் பழக்கமான கைத்தொழில். குருத்தோலைத் தோரணத்தில் கிளியும் மாங்காயும் பின்னக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே மாவட்டத்தில் ஜாவா வழி வந்த மலாய்க் குடும்பங்கள் ஏராளம். மூங்கில் பின்னிச் செய்யும் கூடா கெப்பாங் குதிரையும் மெங்குவாங் பாயும் அவர்கள் சொத்து. சிகிஞ்சானுக்கு வயல் பார்க்க வாரந்தோறும் கார்கள் வரிசை கட்டுகின்றன. வந்தவர்கள் மாம்பழமும் அரிசியும் மீனும் வாங்கிப் போகிறார்கள். அந்தச் சாலையோரத்தில் ஒரே கூரையின் கீழ் துடைப்பம், தோரணம், பாய், மூங்கில் குதிரை, கோலசிலாங்கூர்ச் சட்டி என்று ஒரு கடை இருந்தால் நிச்சயம் நின்று பார்ப்பார்கள். மாவட்ட மன்றம் இடம் கொடுக்க வேண்டும். தெக்குன் நிறுவனத்தின் ஸ்புமி கடனுதவி இந்தியச் சிறு வணிகர்களுக்கென்றே இருக்கிறது. கைவினை செய்கிறவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கப் போகிறவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பானையை ஒரு கையில் ஏந்தி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது. டொக் என்றால் எங்கோ விரிசல் இருக்கிறது அல்லது சூடு போதவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ ஊற்றி, சின்னத் தீயில் கொதிக்கவிட்டு, தானாக ஆறவிடுங்கள். கஞ்சியின் பசை மண்ணின் நுண்துளைகளை அடைக்கும், பிறகு ஒழுகாது. கேஸ் அடுப்பில் எடுத்த எடுப்பில் பெரிய தீ வைத்தால் எவ்வளவு நல்ல பானையும் தாங்காது. சோப்புத் தூள் வேண்டாம், மண் அதைக் குடித்துக்கொள்ளும். தேங்காய் நாரும் சாம்பலும் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எப்போது கேட்பது என்பது. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது நூறு பானை வேண்டும் என்று தொலைபேசியில் அழைப்பது யாருக்கும் உதவாது. சிலாங்கூர்க் கரையோரத்தில் அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம். அந்த மாதங்களில் வனைந்த பானை உலராது. ஈரத்தோடு சூளைக்குப் போனால் ஆவி கிளம்பி வெடிக்கும். விறகும் நனைந்து கிடக்கும். தமிழ்நாட்டில் மண்பாண்டத் தொழிலாளருக்கு அரசு மழைக்கால நிவாரணம் கொடுப்பது இதற்காகவே. இங்கே அப்படி ஒன்று வரும்வரை வாங்குகிறவர்தான் முந்திக்கொள்ள வேண்டும். கோவில் நிர்வாகமோ பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆகஸ்டில் கோலசிலாங்கூருக்கு ஒரு நடை போய், எண்ணிக்கையையும் அளவையும் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டால், செப்டம்பர் வெயிலிலேயே பானைகள் காய்ந்து சூளை ஏறிவிடும்.